பரண்ல கிடைச்ச பழைய போட்டோ, தபால் கார்டு: யாருன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எந்த வழி சரிப்படும்?

வீட்ல ஒரு பெரியவங்க தவறினதுக்கப்புறமோ, பழைய வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடியோ, பரண்ல இருந்து ஒரு தகரப்பெட்டி கீழ இறங்கும். உள்ள பாத்தா கோட்டும் பஞ்சகச்சமும் போட்ட ஒருத்தர், கேமராவை நேரா முறைச்சுப் பாக்குற ஒரு ஆச்சி, யாரோட மடியிலயோ ஒரு குழந்தை, கூடவே பர்மா ரங்கோன்ல இருந்தோ மலேயா ஈப்போல இருந்தோ வந்த நாலஞ்சு கார்டு. திருப்பிப் பாத்தா ஒண்ணும் எழுதியிருக்காது, இல்லன்னா எழுதியிருக்கிறது படிக்க வராது. இந்த மாதிரி படங்களை வச்சுக்கிட்டு "ஆப்ல போட்டுப் பாக்கலாமா, ஊருக்குப் போய் கேக்கலாமா, இல்ல காசு கொடுத்து ஆள் வைக்கலாமா"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். அவங்களுக்காகத்தான் இது.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். எல்லா வழியும் ஏதோ ஒரு படத்துக்கு சரிதான், ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் நாளைக்கு இருக்குமான்னு சொல்ல முடியாதது, அது உங்க வீட்டுப் பெரியவங்களோட ஞாபகம். ஆப் அடுத்த வருஷமும் இருக்கும், இதைவிட நல்லாவே இருக்கும். ஆவணக் காப்பகமும் இருக்கும். 88 வயசு பெரியத்தை இருப்பாங்களா?

## எதை வச்சு எடை போடணும்

காசும் நேரமும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதைவிட முக்கியம் உங்க கேள்வி என்னங்கிறது. பேர் வேணுமா, ஊர் வேணுமா, வருஷம் வேணுமா? மூணும் வேற வேற வேலை. போட்டோவுல இருக்கிறது முகம், கார்டுல இருக்கிறது எழுத்து. முகத்தை அடையாளம் சொல்ல மனுஷங்க வேணும், எழுத்தை வச்சு ஆவணத்துல தேடலாம். இதை ஆரம்பத்துலயே பிரிச்சுக்காம ரெண்டையும் ஒரே கட்டா வச்சுக்கிட்டு அலையுறதுனாலதான் பாதிப் பேர் சோர்ந்து போறாங்க.

அடுத்தது, கிடைச்ச பதிலை சரிபார்க்க வழி இருக்கா? அப்புறம், இந்தப் படம் வெளிய போனா யாருக்காவது மனசு கஷ்டமாகுமா? கடைசியா, இந்த வேலையை ஆறு மாசம் தள்ளிப்போட்டா என்ன நஷ்டம்?

| வழி | செலவு | நல்லா சொல்றது | நம்பகம் | தள்ளிப்போட்டா |
|---|---|---|---|---|
| பெரியவங்ககிட்ட கேக்குறது | போக வர செலவு | பேர், உறவு | ரெண்டு பேர் தனித்தனியா சொன்னா நல்லா நம்பலாம் | கைவிட்டுப் போயிடும் |
| படத்தையும் கார்டையும் நாமளே படிக்கிறது | கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல | வருஷம், ஊர் | அதிகம் | பெட்டியை நல்லா வச்சிருந்தா நஷ்டமில்ல |
| ஆப், பட தேடல் | இலவசம் முதல் சந்தா வரை | கடையில வித்த படங்கள், ஒரே முகத்தை ஒண்ணா சேக்குறது | குறைவு, துப்பு மட்டும் | நஷ்டமில்ல |
| குரூப்ல போடுறது | இலவசம் | ஊர், உடை, சடங்கு, தூரத்து சொந்தம் | ஆளைப் பொறுத்தது | லேசா நஷ்டம் |
| காப்பகம், காசுக்கு ஆள் | கூட | பேர் தெரிஞ்சதுக்கப்புறம் மீதிக் கதை | அதிகம் | பெருசா நஷ்டமில்ல |

## அதுக்கும் முன்னாடி: அது உங்க சொந்தக்காரங்கதானா?

பெட்டியில இருந்த எல்லா படமும் குடும்பப் படம் கிடையாது. 1900 வாக்குல படத்தபால் கார்டு பெரிய வியாபாரம். மெட்ராஸ்ல வீலே அண்ட் கிளைன், கொழும்புல பிளாத்தே, ரங்கோன்ல கிளியர், அஹுஜா, சிங்கப்பூர்ல லாம்பர்ட், இவங்கல்லாம் ஊர்ப் படம், கோயில் படம் மட்டுமில்லாம மனுஷங்க படத்தையும் போட்டு வித்தாங்க. "தமிழ்ப் பெண்"ணுன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்ச கார்டுல இருக்கிற அந்தப் பொண்ணு உங்க கொள்ளுப்பாட்டியா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, யாரோ வாங்கி அனுப்பின கார்டு அது. படத்துக்கு கீழ அச்செழுத்துல தலைப்போ நம்பரோ இருந்தா அது கடைச்சரக்குன்னு எடுத்துக்கோங்க. அதுக்காக தூக்கிப் போட்டுடாதீங்க, அந்த கார்டோட பின்பக்கம்தான் உங்க குடும்பத்தோடது.

## வழி 1: பெரியவங்ககிட்ட கேக்குறது

பேரும் உறவும் தெரியணும்னா இதுக்கு ஈடு எதுவும் இல்ல. ஆனா பெரும்பாலானவங்க இதை தப்பா செய்றாங்க. போனை நீட்டி "இது நம்ம சின்னத் தாத்தாதானே?"ன்னு கேட்டா, பாவம், அவங்க "ஆமாப்பா"ன்னு சொல்லிடுவாங்க. கேள்வியிலயே பதிலை வைக்கக் கூடாது. முகத்தை விட்டுட்டு பொருளைக் கேளுங்க. இந்த அட்டிகை யார் போட்டிருந்தது, இந்தத் திண்ணை எந்த வீடு, இந்தப் புடவை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது. நகையை வச்சு ஆளைச் சொல்ற பெண்களை நான் நிறைய பாத்திருக்கேன், முகம் மறந்திருக்கும், அந்த நகை எந்த மகளுக்குப் போச்சுங்கிறது மறக்காது.

இன்னொண்ணு, சடங்கை அவங்களாலதான் படிக்க முடியும். கண்ணாடி முன்னாடி பொண்ணை உக்கார வச்சு, பூ தைச்ச ஜடை கண்ணாடியில தெரியிற மாதிரி எடுத்த படத்தை இன்னைக்குப் பசங்க ஏதோ ஸ்டைலுன்னு நினைப்பாங்க. அது வளைகாப்பா இருக்கலாம், பொண்ணு பெரியவளானப்ப எடுத்ததா இருக்கலாம், எதுன்னு தெரிஞ்சா பொண்ணோட வயசு தெரியும், கூட நிக்கிற குழந்தை யாருன்னு தெரியும். அதே மாதிரி நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கிற ஒருத்தரைச் சுத்தி குடும்பமே இறுகின முகத்தோட நிக்குதுன்னா அது இறந்தவரை வச்சு எடுத்த படமா இருக்கலாம். அந்தப் படத்தை முன்னறிவிப்பு இல்லாம ஒரு வயசானவங்க கையில கொடுக்காதீங்க.

இதுல வெளிய தெரியாத செலவு மனசு சம்பந்தப்பட்டது. ரெண்டாந்தாரம், தத்து, வீட்டை விட்டுப் போனவங்க, சாதி மாறி கட்டினவங்க, இதெல்லாம் ஒரு போட்டோவுல இருந்து வெளிய வரும். அவங்க பேச விரும்பலன்னா அன்னைக்கு நிறுத்திடணும். ஞாபகத்துலயும் குழப்பம் வரும், அண்ணன் தம்பி முகம் மாறிப்போகும், அதனால ரெண்டு பேரை தனித்தனியா, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லாம கேளுங்க. அனுமதி கேட்டு குரலை ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. படத்தை டிவியில பெருசா போட்டுக் காட்டுங்க, பாதி நேரம் அவங்களுக்குத் தெரியாததுக்குக் காரணம் கண்ணுதான், ஞாபகம் இல்ல.

## வழி 2: படத்தையும் கார்டையும் நாமளே படிக்கிறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான், பெரியவங்களைப் பாக்கப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி உக்காந்து செய்ய வேண்டியதும் இதுதான், ஏன்னா "1936ல ரங்கோன்ல இருந்தது யாரு"ன்னு கேக்குறதுக்கும் "இது யாரு"ன்னு கேக்குறதுக்கும் வர்ற பதில் வேற.

ஒரு கார்டை எடுத்துக்குவோம். முன்பக்கம் ரங்கோன்ல இருக்கிற ஷ்வேடகோன் பகோடா, அச்சடிச்ச படம். பின்பக்கம் மேல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ "தாது ௵ கார்த்திகை ௴ ௫ ௳", அப்புறம் "சிரஞ்சீவி"ன்னு ஆரம்பிச்சு நாலு வரி. ஓரத்துல இந்திய ஸ்டாம்ப், அதுமேல ரங்கோன் முத்திரை. அந்த வளைஞ்ச குறிகளைப் பாத்து பயந்துடாதீங்க, ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௫ங்கிறது 5. தாது வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும்: 1876, 1936, 1996. இந்தியாவுல தபால் கார்டே 1879 ஜூலை 1லதான் வந்துச்சு, அதனால 1876 அடிபட்டுப் போச்சு. ஸ்டாம்ப்ல இருக்கிறது தாடி வச்ச 5ம் ஜார்ஜ், அதனால 1996ம் இல்ல. ஆக 1936 நவம்பர் 20 வாக்குல. இப்போ ரங்கோன் முத்திரைக்குக் கீழ எதுக்கு இந்திய ஸ்டாம்ப்னு ஒரு சந்தேகம் வரும். பர்மா இந்தியாவுல இருந்து பிரிஞ்சது 1937 ஏப்ரல் 1ல, அதுக்கு முன்னாடி அங்கயும் இந்திய ஸ்டாம்ப்தான். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. "சிரஞ்சீவி"ங்கிறதுனால எழுதினவர் வயசுலயோ முறையிலயோ பெரியவர், வாங்கினவர் சின்னவர். இன்னொரு வட்ட முத்திரை இருந்தா அது பெரும்பாலும் கார்டு போய்ச் சேர்ந்த ஊரோட தபாலாபீஸ், அப்போ வாங்கினவர் எந்த ஊர்ல குடியிருந்தாருன்னும் தெரிஞ்சுடும். முத்திரை மங்கியிருந்தா இருட்டு ரூம்ல டார்ச்சை பக்கவாட்டுல படுக்க வச்சு அடிங்க, எழுத்து எழும்பி வரும்.

இதே மாதிரி கைவசம் வச்சுக்க சில அடையாளங்கள். கால் அணா கார்டு அரையணா ஆனது 1922ல. தாடி இல்லாத ராஜா தலைன்னா 6ம் ஜார்ஜ், 1937க்கு அப்புறம். நயா பைசான்னு இருந்தா 1957க்கு அப்புறம். விலாசத்துல 6 இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம். சிலோன் ஸ்ரீலங்கா ஆனதும் அதே 1972ல, மே மாசம். நாகர்கோவில் பக்கத்து குடும்பம்னா மலையாளக் கணக்குப்படி கொல்லம் ஆண்டு போட்டிருப்பாங்க, 1112ன்னா 1936 ஆகஸ்ட்ல ஆரம்பிக்கிற வருஷம். திருவிதாங்கூருக்கு தனியா அஞ்சல்னு ஒரு தபால் இருந்துச்சு, ஸ்டாம்ப்ல சங்கு இருக்கும். பாண்டி, காரைக்கால் குடும்பம்னா 1954 வரைக்கும் பிரெஞ்சு ஸ்டாம்ப் கிடைக்கலாம். அச்சடிச்ச தமிழ்ல லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வச்ச பழைய எழுத்தா இருந்தா தமிழ்நாட்டுல 1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடின்னு ஒரு கணக்கு, ஆனா பெரியாரோட பத்திரிகைகள் 1935லயே மாத்திட்டாங்க, கையெழுத்துல பழைய ஆளுங்க கடைசி வரை பழசாத்தான் எழுதினாங்க, அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

போட்டோவுக்கு அட்டையைப் பாருங்க. கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர்னு கெட்டி அட்டையில ஒட்டின சின்னப் படம் 1800கள்ல பரவின வகை, 11க்கு 16 சொச்சம்னா அதுக்கு அடுத்து வந்த பெரிய அட்டை. அட்டை ஓரத்துல ஸ்டுடியோ பேர் அழுத்தியிருப்பாங்க, விரலால தடவிப் பாருங்க. ஸ்டுடியோ ஆரம்பிச்ச வருஷம் தெரிஞ்சா படம் அதுக்கு முன்னாடி இருக்க முடியாது, உதாரணத்துக்கு மெட்ராஸ் ஜி.கே.வேல் ஸ்டுடியோ 1910ல ஆரம்பிச்சது. பேப்பர் பின்பக்கம் "இந்து" (INDU)ன்னு இங்கிலீஷ்ல பிராண்ட் பேர் இருந்தா அது ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பேப்பர், அவங்க உற்பத்தி ஆரம்பிச்சது 1967ல. ஸ்டுடியோ பேரே இல்லன்னா பின்னாடி இருக்கிற திரையைப் பாருங்க. அதே தூண், அதே படிக்கட்டு, அதே நாற்காலி இன்னொரு சொந்தக்காரங்க வீட்டு படத்துல ஸ்டுடியோ பேரோட இருக்கும்.

இந்த வழியில மாட்டக்கூடிய ஒரு பெரிய குழி, பிரிண்ட்டோட வயசும் படத்தோட வயசும் ஒண்ணு இல்லங்கிறது. நம்ம ஊர்ல ஒருத்தர் இறந்ததுக்கப்புறம் ஏதோ குரூப் போட்டோவுல இருந்து முகத்தை மட்டும் எடுத்து பெருசு பண்ணி, கோட்டு வரைஞ்சு, பொட்டு வச்சு, கண்ணுக்கு மை தீட்டி மாட்டுறது சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட படத்துல கோட்டை வச்சு வருஷம் சொன்னா தப்பாத்தான் போகும். கள்ள நோட்டு பாக்குற ஊதா லைட்டை ஓரத்துல அடிச்சுப் பாருங்க, பேப்பர் பளீர்னு நீலமா ஒளிர்ந்தா அது 1950கள்லயோ அதுக்கு அப்புறமோ போட்ட பிரிண்ட், உள்ள இருக்கிறவர் 1910 ஆளா இருந்தாலும். ஒளிராம இருந்தா பழசுன்னு உறுதியா சொல்ல முடியாது, அதையும் சேத்து ஞாபகம் வச்சுக்கோங்க.

செலவு? ஆல்பத்துல இருந்து பிய்க்க ஆசை வரும், அதுதான் செலவு. கறுப்புத் தாள்ல பசை போட்டு ஒட்டினதைப் பிய்ச்சா பின்பக்க எழுத்தும் போகும், படமும் போகும். கண்ணாடியோட ஒட்டிக்கிட்ட படத்தை கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. எந்தப் படத்துக்குப் பக்கத்துல எந்தப் படம் இருந்துச்சுங்கிறதும் ஒரு தகவல்தான், அதனால எதையும் நகர்த்துறதுக்கு முன்னாடி பக்கம் பக்கமா போன்ல எடுத்து வச்சுடுங்க, ஒவ்வொண்ணோட பின்பக்கத்தையும் சேத்து.

## வழி 3: ஆப்

கடையில வித்த படத்தபால் கார்டுக்கு கூகுள் லென்ஸ், டின்ஐ மாதிரி பட தேடல் நல்லா வேலை செய்யும், ஏன்னா அதே கார்டு வேற யாராவது விக்கப் போட்டிருப்பாங்க, பதிப்பிச்சவர் பேர் கிடைக்கும். உங்க தாத்தாவோட ஒரே ஒரு ஸ்டுடியோ பிரிண்ட் இணையத்துல எங்கயும் இல்ல, அதை தேடி ஒண்ணும் வராது.

முகத்தை ஒண்ணா சேக்குறதுக்கு கூகுள் போட்டோஸ் உதவும், 200 படம் ஸ்கேன் பண்ணி வச்சவங்களுக்கு நிஜமாவே நேரம் மிச்சம். ஆனா அண்ணன் தம்பி, அம்மா பொண்ணு முகத்தைக் குழப்பும், கையால வண்ணம் தீட்டின படத்துல இன்னும் மோசம். வருஷம் கணிக்கிற கருவிகளும் இருக்கு, மைஹெரிடேஜ்ங்கிற குடும்ப வரலாற்றுத் தளத்துல ஒண்ணு. வேட்டி, ஒன்பது கஜம் புடவை மாதிரி தலைமுறை தலைமுறையா மாறாத உடையில இருக்கிறவங்களை வச்சு அது சொல்ற வருஷத்தை நான் ஆதாரமா எடுத்துக்க மாட்டேன்.

இதுல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். மங்கின முகத்தை ஏஐ வச்சு தெளிவாக்கி, அந்தப் படத்தை பெரியவங்ககிட்ட காட்டி அடையாளம் கேக்காதீங்க. அது இருக்கிறதை தெளிவாக்குறது இல்ல, இல்லாத கண்ணையும் மூக்கையும் புதுசா வரையுது. நீங்க காட்டுறது உங்க பாட்டியே இல்ல. கலர் பண்ணினதும் அப்படித்தான், புடவை பச்சைன்னு எந்த மிஷினுக்கும் தெரியாது. வீட்டுச் சுவத்துல மாட்ட ஆசையா செஞ்சுக்கோங்க, மூலப் படத்தை தனியா பத்திரமா வச்சுட்டு. முகத்தை வச்சு தேடுற தளங்கள்ல உயிரோட இருக்கிறவங்க படத்தை, குறிப்பா குழந்தைங்க படத்தை, போடவே வேண்டாம்.

## வழி 4: குரூப்ல போடுறது

சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப், ஊர் பேர்ல இருக்கிற ஃபேஸ்புக் குரூப். ஊர், கோயில், உடை, யூனிஃபார்ம் இதையெல்லாம் அடையாளம் சொல்ல இது அருமையான இடம், மலேயா தோட்டத்துல எடுத்த படம்னா ஈப்போ பக்கத்து ஆள் ஒருத்தர் கட்டடத்தைப் பாத்தே சொல்லிடுவார். பேர் விஷயத்துல கவனமா இருங்க, முதல்ல வந்து உறுதியா சொல்றவர் பின்னாடியே பத்து பேர் போவாங்க. எப்படித் தெரியும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. போடுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, கார்டு எழுதின பக்கத்தை மறைச்சுட்டு படத்தை மட்டும் போடுங்க.

## வழி 5: காப்பகமும் காசுக்கு ஆளும்

பேரே தெரியாத முகத்தை எடுத்துக்கிட்டு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனா வெறுங்கையோடதான் திரும்பணும், அங்க இருக்கிறது காகிதம். பேர், ஊர், சுமாரான வருஷம் மூணும் கையில இருந்தா கதையே வேற. இலங்கைத் தமிழ்க் குடும்பம்னா "நூலகம்"ங்கிற இணையதளத்துல இருக்கிற பழைய மலர்கள், நினைவு வெளியீடுகள்ல போட்டோவோட பேர் கிடைக்க வாய்ப்பு இருக்கு, வீட்டுல இருந்தே பாக்கலாம். சிங்கப்பூர் தேசிய காப்பகத்தோட படங்களையும் இணையத்துல தேடலாம். மெட்ராஸ் பக்கம் பழைய பத்திரிகை, அச்சு விஷயம்னா தரமணி ரோஜா முத்தையா நூலகம். ஸ்டுடியோ, திரை, ஜோடனை இதையெல்லாம் ஒப்பிட்டுப் பாக்கணும்னா புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களை தேடித் தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, பிரிட்டிஷ் லைப்ரரியோட திட்டம் ஒண்ணு மூலமா நடந்த வேலை அது, நம்ம வீட்டுப் படத்தை அதுகூட வச்சுப் பாத்தா நிறைய புரியும்.

காசு கொடுத்து ஆள் வைக்கிறது லண்டன்ல இருக்கிற இந்தியா ஆபீஸ் ஆவணம் (பிரிட்டிஷ் ஆட்சிக்கால அரசுத் தாள்கள்) மாதிரி நீங்க போக முடியாத இடத்துக்கு, இல்ல சொத்து, குடியுரிமைன்னு தாளோட பதில் வேணுங்கிறப்ப நியாயம். மணிக்கணக்குல வாங்குவாங்க, ஒண்ணும் கிடைக்கலன்னாலும் பணம் போகும், அதனால என்ன தேடணும்னு ஒரு பக்கத்துல தெளிவா எழுதிக் கொடுத்துட்டு உச்சவரம்பையும் சொல்லிடுங்க. பழைய கையெழுத்து மட்டும்தான் பிரச்சனைன்னா இவ்ளோ தூரம் போகவே வேண்டாம். அந்தக் காலத்துல புள்ளி வைக்காம கூட்டெழுத்தா எழுதியிருப்பாங்க, அதை எழுபது வயசு தாண்டின ஒரு தமிழாசிரியரோ பத்திர எழுத்தரோ சரளமா வாசிச்சுடுவாங்க.

## உங்க நிலைமைக்கு எது

வீட்ல எண்பது தாண்டினவங்க ஒருத்தராவது இருக்காங்கன்னா: இன்னைக்கு ராத்திரி வழி 2, இந்த வாரக் கடைசியில வழி 1. மத்ததெல்லாம் அப்புறம்.

பெரியவங்க யாரும் இல்ல, கார்டுங்க இருக்கு: வழி 2ல ஊரையும் வருஷத்தையும் எடுத்துட்டு, வந்து சேர்ந்த தபாலாபீஸ் ஊருக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க, அப்புறம் காப்பகம்.

பெரியவங்களும் இல்ல, எழுத்தும் இல்ல, வெறும் முகங்கள்: எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி முகம் சேக்குற ஆப்ல போட்டு, எந்த முகம் அதிகமா வருதுன்னு பாருங்க, அதை எடுத்துக்கிட்டு தூரத்து சொந்தம் குரூப்புக்குப் போங்க. அவங்க வீட்டு ஆல்பத்துல அதே படத்தோட இன்னொரு பிரிண்ட் பேரோட இருக்கிறது அடிக்கடி நடக்குற விஷயம், ஸ்டுடியோவுல ஒரே சமயத்துல ரெண்டு மூணு காப்பி போட்டு சொந்தங்களுக்கு கொடுப்பாங்க.

வெளிநாட்டுல இருக்கீங்க, ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான்: படங்களை இப்பவே ஸ்கேன் பண்ணி, ஊர்ல இருக்கிற ஒரு பேரனையோ பேத்தியையோ பிடிச்சு டிவியில போட்டுக் காட்டச் சொல்லிட்டு வீடியோ கால்ல நீங்க கேளுங்க. லீவு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

எதுவும் பலிக்காத படம் கொஞ்சம் மிஞ்சும். அதுக்குப் பின்னாடி பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால ஓரத்துல லேசா எழுதி வைங்க: "அடையாளம் தெரியல. அம்மா வழி ஆச்சி பெட்டியில கிடைச்சது. 1920-30 மெட்ராஸ் ஸ்டுடியோவா இருக்கலாம். யார் யாரைக் கேட்டோம்." கண்டுபிடிச்ச படத்துலயும் இதே மாதிரி, பேரோட சேத்து யார் சொன்னாங்கன்னும் எழுதிடுங்க.